ஸ்லாஷ்: குடத்துக்குள் தளும்பும் தண்ணீருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் (முழுமையான வழிகாட்டி)

சில வருடங்களுக்கு முன், டேங்கர் லாரி ஓட்டுநர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் பத்து இடத்திலாவது 'ஸ்லாஷ்' என்ற சொல் இருந்தது. கையில் இருந்த அகராதி 'தெறி, சிதறு, தெளி' என்று மூன்று பொருள் சொன்னது, நானும் அதற்கு மேல் யோசிக்காமல் 'திருப்பத்தில் திரவம் தெறிக்கும், கவனம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பயிற்சி வகுப்பில் அதைப் படித்த ஒரு மூத்த ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மூடி போட்டு போல்ட்டு முறுக்கின டேங்க்கு சார் இது. இதுல எங்கேருந்து தெறிக்கும்? உள்ளாற தளும்பும். தளும்பி வண்டியை ஒரு தள்ளு தள்ளும். அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

அதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அந்த ஆங்கிலச் சொல்லே தெரியாது, ஆனால் அதன் பொருள் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே வந்தாலும் நின்று பார்ப்பேன். அப்படிப் பார்த்துச் சேர்த்ததை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஆங்கிலம் படிப்பவர்களுக்கும் உதவும், என்னைப் போல மொழிபெயர்ப்பில் சோறு தின்பவர்களுக்கும் உதவும்.

முதல் படி: வாயில் வரவேண்டும்

எழுத்து: எஸ், எல், ஓ, எஸ், எச். நடுவில் இருப்பது ஓ, அதை மறந்துவிடாதீர்கள். நடுவில் ஏ போட்டால் அது வேறு சொல். கத்தியால் கீறுவது, விலையை அடியோடு குறைப்பது, இணைய முகவரியில் வரும் சாய்கோடு, எல்லாம் அந்தச் சொல்தான். தமிழில் எழுதினால் இரண்டுமே 'ஸ்லாஷ்' ஆகிவிடுவதுதான் சிக்கல். காதில் வித்தியாசம் உண்டு. சாய்கோட்டுச் சொல்லுக்கு, கிரிக்கெட் மட்டையை 'பேட்' என்றும் பூனையை 'கேட்' என்றும் ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் அகன்ற ஒலி. நம் சொல்லுக்கு அமெரிக்கர்கள் 'டாக்டர்' சொல்லும்போது வரும் ஆகாரத்தைப் போடுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் உதட்டைக் கொஞ்சம் குவித்துக் குறுகலாக 'ஸ்லொஷ்' என்பார்கள். டாக்டரை 'டொக்டர்' என்றும் ஆபீஸை 'ஒஃபிஸ்' என்றும் எழுதும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் குழப்பமே வராது, அவர்கள் கை தானாகவே 'ஸ்லொஷ்' என்று எழுதிவிடும். நான் தமிழ்நாட்டு வழக்கப்படி 'ஸ்லாஷ்' என்றே போகிறேன். இந்தக் கட்டுரையில் அது வரும் இடமெல்லாம் ஓ போட்ட சொல்தான்.

இறந்தகாலத்தில் 'ஸ்லாஷ்ட்'. கடைசியில் ஒரு மெல்லிய 'ட்' மட்டும். 'ஸ்லாஷெட்' என்று நீட்டிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு, 'வாஷ்ட்' என்பதை 'வாஷெட்' என்று சொல்வது போல. அதை விட்டுவிடுங்கள். 'அது ஸ்லாஷ் ஆகிறது' என்னும் நிகழ்காலத்தில் மட்டும் ஒரு அசை கூடும்: 'ஸ்லாஷிஸ்'.

இரண்டாம் படி: ஒரு வாளியைத் தூக்குங்கள்

அகராதியை மூடி வையுங்கள். ஒரு வாளியில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, கைப்பிடியைப் பிடித்து, பத்தடி வேகமாக நடங்கள். தண்ணீர் என்ன செய்கிறது? ஒரு பக்கச் சுவரில் ஏறுகிறது, இறங்கி எதிர்ப்பக்கச் சுவரில் ஏறுகிறது, நீங்கள் நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கையில் அந்த ஆட்டம் தெரிகிறது. 'தளக் தளக்' என்று சத்தமும் வருகிறது. இதுதான் ஸ்லாஷ். தண்ணீர் வெளியே வந்தாலும் ஸ்லாஷ்தான், வராவிட்டாலும் ஸ்லாஷ்தான்.

ஆக, மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். திரவமாக இருக்க வேண்டும், அதுவும் ஓரளவு கனமாக, துளி இரண்டு துளி இல்லை. ஏதோ ஒன்றுக்குள் அடைபட்டு ஆட இடம் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு ஒழுங்கின்மை, கொஞ்சம் கட்டுக்கடங்காத்தனம் இருக்க வேண்டும். சத்தம் பெரும்பாலும் கூடவே வரும்.

தேங்காய் வாங்கும்போது காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்போமே, 'களக் களக்' என்று கேட்குமே, அந்தச் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இளநீரை அதேபோல ஆட்டிப் பாருங்கள், சத்தமே வராது. முட்ட முட்ட நிறைந்திருக்கும், ஆட இடம் இல்லை. காய் முற்ற முற்றத் தண்ணீர் குறையும், இடம் கிடைக்கும், ஆடும். 'நிறைகுடம் தளும்பாது' என்று நம்மவர்கள் சொன்னது அறிவுரையாக மட்டுமல்ல, கண்ணால் பார்த்த இயற்பியலாகவும் சரிதான். பள்ளிக்கூடத்தில் இந்தப் பழமொழிக்கு இணையாக 'காலிப் பாத்திரம்தான் அதிகம் சத்தம் போடும்' என்ற ஆங்கிலப் பழமொழியைப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கருத்து கிட்டத்தட்ட ஒன்று, காட்சி வேறு. அங்கே பாத்திரம் தட்டுப்பட்டு ஒலிக்கிறது. இங்கே உள்ளே இருப்பது ஆடுகிறது. ஸ்லாஷ் நம் பழமொழியில்தான் இருக்கிறது, அவர்களுடையதில் இல்லை.

மூன்றாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்பிளாஷ்: ஏதோ ஒன்று தண்ணீரில் மோதுகிறது, அல்லது தண்ணீர் ஏதோ ஒன்றில் மோதுகிறது, துளிகள் காற்றில் பறக்கின்றன. கிணற்றில் பையன் குதித்தால் ஸ்பிளாஷ். பஸ் வேகமாகப் போய் ரோட்டோரம் நின்றவர் வேட்டியில் சேற்றுத் தண்ணீரை அடித்தால் ஸ்பிளாஷ். தமிழில் தெறித்தல். ஸ்பிளாஷுக்குக் காற்றில் பறக்கும் துளி வேண்டும். ஸ்லாஷுக்கு ஒரு துளிகூடப் பறக்க வேண்டியதில்லை.

ஸ்பில்: பாத்திரத்தை விட்டு வெளியே போய்விட்டது, யாரும் விரும்பி நடக்கவில்லை. சிந்துதல், கொட்டிப்போதல். காபி ஸ்லாஷ் ஆனதால் ஸ்பில் ஆனது என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மண்டையில் ஏறிவிடும். முதலாவது காரணம், இரண்டாவது விளைவு.

ஸ்லாப்: ஸ்லாஷுக்கு மிக நெருங்கிய உறவு. கவனமில்லாமல் விளிம்பைத் தாண்டி வழியவிடுவது, அசிங்கமாகக் கொட்டி வைப்பது. பந்தியில் ஓடிக்கொண்டே சாம்பாரை இலைக்குப் பாதி, வேட்டிக்குப் பாதி ஊற்றும் ஆள் செய்வது ஸ்லாப்.

ஸ்பாட்டர், ஸ்பிளாட்டர்: எண்ணெயில் கடுகு வெடித்து அடுப்பு மேடை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது. ஸ்பிரிங்கிள்: வாசல் தெளிப்பது, பன்னீர் தெளிப்பது. ஸ்குவர்ட்: பீய்ச்சுவது. இந்த மூன்றையும் ஸ்லாஷோடு யாரும் குழப்புவதில்லை, அதனால் மேலே போவோம்.

ஸ்விஷ்: வாய்க்குள் தண்ணீரை வைத்து இங்கும் அங்கும் ஓட்டிக் கொப்பளிப்பது. இதில் நம் கட்டுப்பாடு இருக்கிறது, வேண்டுமென்றே செய்கிறோம். ஸ்லாஷில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது.

லாப்: குளக்கரையில் சிற்றலை மெதுவாக வந்து படியை நக்கிவிட்டுப் போவது. அமைதியான சொல், கவிதையில் வைக்கலாம். ஸ்லாஷைக் கவிதையில் வைத்தால் வாசகர் சிரித்துவிடுவார், அது அவ்வளவு நாகரிகமான சொல் இல்லை. அதில் ஒரு கோமாளித்தனம் உண்டு.

இன்னொன்று ஸ்லஷ். பாதி உருகிய பனிச்சேறு. நம் சொல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது, இந்த ஸ்லஷின் திரிபாகவே வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. அதைவிடச் சுவாரசியம் இதன் ஒலி. 'ஸ்ல' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பாருங்கள்: ஸ்லிப், ஸ்லைடு, ஸ்லைம், ஸ்லர்ப். வழுக்கலும் ஈரமும் நிறைந்த குடும்பம். 'ஷ்' என்று முடியும் ஸ்பிளாஷ், வாஷ், கஷ், ஸ்விஷ் எல்லாம் ஓடும் தண்ணீர்க் குடும்பம். முதல் பாதியை ஒரு குடும்பத்திலும் பின் பாதியை இன்னொரு குடும்பத்திலும் எடுத்ததுபோல் இருக்கிறது ஸ்லாஷ். நம்மிடம் இந்த வேலையை 'சலசல', 'குபுகுபு', 'மடமட' போன்ற இரட்டைக்கிளவிகள் பார்க்கின்றன.

நான்காம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

நான்கு விதமாக உட்காரும்.

முதல் விதம், திரவமே எழுவாய். 'த வாட்டர் ஸ்லாஷ்ட் அரவுண்ட் இன் த பக்கெட்.' வாளியில் தண்ணீர் தளும்பியது. இதில் ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்தான் உயிர், அது இல்லாமல் ஸ்லாஷ் தனியாக நிற்பது குறைவு. 'அரவுண்ட்' போட்டால் உள்ளுக்குள் இங்கும் அங்கும் ஆடுகிறது; பிரிட்டிஷ்காரர்கள் அதே இடத்தில் 'அபவுட்' என்றும் போடுவார்கள். 'ஓவர் த ரிம்' என்றால் விளிம்பைத் தாண்டியது. 'அவுட்' என்றால் வெளியே வந்தே விட்டது. 'அகென்ஸ்ட்' என்றால் சுவரிலோ படகின் பக்கத்திலோ மோதி மோதித் திரும்புகிறது. நீங்கள் 'ஸ்லாஷ்' எழுதிவிட்டு அடுத்து என்ன போடுவது என்று தெரியவில்லை என்றால், தண்ணீர் கடைசியில் எங்கே இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள், குட்டிச் சொல் தானாக வரும்.

இரண்டாம் விதம், ஆள் எழுவாய், திரவம் செயப்படுபொருள். 'ஹி ஸ்லாஷ்ட் சம் மில்க் இன்டு த பௌல்.' கிண்ணத்தில் பாலை அளவு பார்க்காமல் கடகடவென்று சாய்த்தான். இங்கே 'தளும்பு' பொருந்தாது, கவனியுங்கள். அலட்சியம்தான் செய்தி. 'போர்' என்று எழுதியிருந்தால் வெறும் ஊற்றுதல். ஸ்லாஷ் என்று எழுதினால் ஊற்றியவன் அவசரத்தில் இருக்கிறான், அல்லது அவனுக்கு அக்கறை இல்லை, அல்லது தாராள மனசு. கல்யாண வீட்டில் ரசம் ஊற்றுபவரையும், மாதக் கடைசியில் பால் ஊற்றும் அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். அம்மா எந்த நாளும் ஸ்லாஷ் செய்ய மாட்டார்.

இதிலேயே ஒரு உட்பிரிவு: பாத்திரத்துக்குள் தண்ணீரை விட்டுக் குலுக்கிக் கழுவுவது. 'ஸ்லாஷ் சம் ஹாட் வாட்டர் அரவுண்ட் த பாட்டில்.' இதற்குத் தமிழில் துல்லியமான சொல் இருக்கிறது: அலம்பு. 'பாட்டில்ல வெந்நீர் விட்டு அலம்பி வை.' சோப்புத் தண்ணீரில் துணியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் அலசு. 'அலம்பு'வை வெறும் 'கழுவு' என்று நினைத்து விட்டுவிட்ட மொழிபெயர்ப்புகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

மூன்றாம் விதம், ஆள் தண்ணீருக்குள் நடப்பது. 'வீ ஸ்லாஷ்ட் த்ரூ த ஃபிளடட் ஸ்ட்ரீட்.' டிசம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் வேளச்சேரிப் பக்கம் நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'சளக் சளக் என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.' கணுக்கால் அளவாவது தண்ணீர் இருக்க வேண்டும். சேறு கெட்டியாக இருந்து காலைப் பிடித்து இழுத்தால் அது ஸ்லாஷ் இல்லை, அதற்கு 'ஸ்க்வெல்ச்' என்று வேறு சொல் இருக்கிறது. நம் 'பொதக் பொதக்'.

நான்காம் விதம், பெயர்ச்சொல். 'எ ஸ்லாஷ் ஆஃப் வினிகர்' என்று சமையல் குறிப்பில் வரும். கரண்டிக் கணக்கு இல்லை, பாட்டிலைச் சாய்த்து ஒரு சாய்ப்பு. ஸ்பிளாஷும் இதே இடத்தில் வரும், அதுதான் இன்னும் பரவலாகப் புழங்குவது. அதைவிடத் தாராளமான கை ஸ்லாஷ். 'ஒரு தாராளமான விடு' என்று எங்கள் வீட்டில் சொல்வோம், உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இருக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீரே இல்லாத இடத்தில் ஸ்லாஷ்

பொருளாதாரச் செய்திகளில் இது அடிக்கடி வரும். 'தேர் இஸ் எ லாட் ஆஃப் மணி ஸ்லாஷிங் அரவுண்ட்.' இதை 'நிறைய பணம் சுற்றிக்கொண்டிருக்கிறது' என்று ஒப்பேற்றலாம், ஆனால் தமிழில் ஏற்கெனவே ஒரு அருமையான வழக்கு இருக்கிறது: பணம் புரள்கிறது. 'தேர்தல் நேரம், பணம் புரளுது' என்று டீக்கடையில் பேசுவது அப்படியே அந்த ஆங்கில வாக்கியம்தான். அளவுக்கு மீறிய பணம், எங்கே உட்காருவது என்று தெரியாமல் இங்கும் அங்கும் பாயும் பணம். கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு சொல்வது. அதனால் உங்கள் கம்பெனி நல்ல லாபத்தில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள், யாரோ கணக்கில்லாமல் செலவு செய்கிறார்கள் என்ற தொனி வந்துவிடும்.

அப்புறம் 'ஸ்லாஷ்ட்'. 'ஹி வாஸ் கம்ப்ளீட்லி ஸ்லாஷ்ட்' என்றால் ஆள் முழு மப்பு. உள்ளே இறக்கிய சரக்கு ஆளையே ஆட்டுகிறது என்று நான் கற்பனை செய்துகொள்வேன், நினைவில் நிற்க அது போதும். பேச்சு வழக்குச் சொல்தான், கெட்ட வார்த்தை இல்லை, ஆனாலும் ஆபீஸ் மெயிலில் எழுதுகிற சொல்லும் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. 'ஐ காட் ஸ்லாஷ்ட் ஆன் த வே' என்று, மழையில் நனைந்ததைச் சொல்வதாக நினைத்து மேலதிகாரிக்கு அனுப்பினால், வழியில் குடித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நனைந்ததற்கு 'ட்ரெஞ்ச்ட்' அல்லது 'சோக்ட்' என்று எழுதுங்கள்.

பழைய பிரிட்டிஷ் பேச்சில் ஸ்லாஷ் என்றால் ஓங்கி ஒரு அறை, ஒரு குத்து. 'ஐ ஸ்லாஷ்ட் ஹிம்' என்று 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கதைகளில் கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றினான் என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம், போட்டான் ஒரு போடு, அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் பயன்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

ஆறாம் படி: லாரியிலும் கப்பலிலும் ராக்கெட்டிலும்

எனக்கு இந்தச் சொல்மேல் ஈர்ப்பு வந்ததே இந்தப் பக்கத்திலிருந்துதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பொறியியலில் 'ஸ்லாஷிங்' என்பது முறையான கலைச்சொல். பாதி நிறைந்த டேங்கர் பிரேக் அடிக்கும்போது வண்டி நிற்கும், உள்ளே இருக்கும் திரவம் நிற்காது. முன்னால் ஓடிப்போய் முன்சுவரில் மோதும், வண்டியை முன்னுக்குத் தள்ளும், திரும்பப் பின்னால் ஓடும். முன்னும் பின்னுமாக வரும் இந்த அலைக்கு ஓட்டுநர் கையேடுகளில் 'ஸர்ஜ்' என்று தனிப்பெயர். திருப்பத்தில் பக்கவாட்டில் ஆடினால் வண்டி கவிழும் அபாயம். இதற்காக டேங்குக்குள் குறுக்கே ஓட்டை போட்ட தகடுகள் வைக்கிறார்கள், பெயர் 'பேஃபிள்'. ஓட்டை வழியாகத் திரவம் போகும், ஆனால் ஒரே பாய்ச்சலாகப் போக முடியாது. குறுக்குத் தகடு முன்பின் ஆட்டத்தைத்தான் அடக்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஓட்டுநரின் நிதானம்தான் மருந்து. பால் டேங்கர்களில் பெரும்பாலும் இந்தத் தகடே இருக்காது, ஏனென்றால் மூலை முடுக்கில் பால் தங்கினால் சுத்தம் செய்ய முடியாது. அதனால் பால் வண்டி ஓட்டுவது இன்னும் பக்குவமான வேலை.

எங்கள் தெருவுக்கு சைக்கிளில் வந்த பால்காரர் கேனுக்குள் கொஞ்சம் வைக்கோலைச் சுருட்டிப் போட்டிருப்பார். சின்ன வயதில் அது ஏதோ அழுக்கு என்று நினைத்து முகம் சுளித்திருக்கிறேன். அதுவும் ஒரு பேஃபிள்தான் என்று புரிய முப்பது வருடம் ஆனது.

கப்பலில் பாதி நிறைந்த தொட்டி இன்னும் ஆபத்து. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் அதே பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இதை 'ஃப்ரீ சர்ஃபேஸ் எஃபெக்ட்' என்கிறார்கள். அதனால் தொட்டியை முழுதாக நிரப்பு, இல்லாவிட்டால் காலியாக வை, நடுவில் விடாதே என்பது கப்பல்காரர்களின் பழக்கம். நிறைகுடம் மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எரிபொருள் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உண்மையில் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே அது எரிந்துவிட்டது, காரணம் தொட்டிக்குள் எரிபொருள் தளும்பி அளவுமானியை ஏமாற்றியது. 2007 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட் இரண்டாவது முறை பறந்தபோது, மேலடுக்கில் திரவ ஆக்சிஜன் தளும்பத் தொடங்கி, ஆட்டம் பெரிதாகி, ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டாமலே போனது. அந்தத் தொட்டியில் தளும்பலை அடக்கும் தகடு வைத்திருக்கவில்லை.

கையில் காபியோடு நடந்தால் ஏன் சிந்துகிறது என்று ஆராய்ந்த ருஸ்லான் கிரெசெட்னிகோவ், ஹான்ஸ் மேயர் இருவருக்கும் 2012இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. கோப்பை அளவுப் பாத்திரத்தில் காபி தானாக ஆடும் வேகமும் மனிதர் அடியெடுத்து வைக்கும் வேகமும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு அடியும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. 2015இல் வேறு ஒரு குழு, மேலே நுரை இருந்தால் தளும்பல் சீக்கிரம் அடங்குகிறது என்று சோதித்துக் காட்டியது, சில அடுக்கு நுரையே போதும். டவராவில் ஆற்றி நுரை ததும்ப டம்ளரில் தரும் ஃபில்டர் காபியை சர்வர் ஏன் சிந்தாமல் கொண்டுவருகிறார் என்பதற்கு அவர் கை லாகவம் பாதி காரணம், மீதி நுரை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொசுறாக ஒன்று: அமெரிக்க வானிலைத் துறையில் இந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் பார்த்தால் அது ஒரு கணினி மாதிரியின் பெயர். புயலின்போது கடல் எவ்வளவு உயரம் ஏறிக் கரைக்குள் வரும் என்று கணிப்பது. 'சீ, லேக் அண்ட் ஓவர்லேண்ட் சர்ஜஸ் ஃப்ரம் ஹரிக்கேன்ஸ்' என்பதன் முதலெழுத்துகளைக் கோத்து வைத்தது. பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

ஏழாம் படி: தமிழிலிருந்து திரும்பிப் போகும்போது

ஸ்லாஷ் என்றால் தளும்பு, சரி. அப்படியானால் தளும்பு வரும் இடமெல்லாம் ஸ்லாஷ் போடலாமா? கூடாது. 'அவள் கண்ணில் நீர் தளும்பியது' என்பதை ஸ்லாஷ் போட்டு எழுதினால், அவள் கண்ணுக்குள் ஒரு வாளி இருப்பது போல ஆகிவிடும். அங்கே 'வெல்ட் அப்' என்றோ 'பிரிம்ட்' என்றோதான் வரவேண்டும். 'இளமை ததும்பும் முகம்' என்பதும் அப்படித்தான். விளிம்பு வரை நிறைந்து நிற்பதைச் சொல்கிறது, ஆட்டத்தை அல்ல.

தமிழில் தளும்புக்கு இரண்டு முகம் இருக்கிறது. நிறைந்து விளிம்பில் நிற்பது ஒன்று, நிறையாமல் ஆடுவது இன்னொன்று. முதலாவதில் அழகு, இரண்டாவதில் அலம்பல். ஆங்கிலம் இந்த இரண்டையும் வேறு வேறு சொல்லுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது, ஸ்லாஷுக்குக் கிடைத்தது இரண்டாவது மட்டும். இதை மனதில் வைத்தால் முக்கால்வாசித் தவறு குறையும்.

கடைசிப் படி: நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்கு ஸ்லாஷ் பொருந்துமா என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு என் பதிலைப் பாருங்கள்.

ஒன்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள், வயிற்றுக்குள் களக் களக். இரண்டு, குழந்தை பாத்டப்பில் கையால் அடித்து உங்கள் கண்ணாடி மேல் தண்ணீர் அடிக்கிறது. மூன்று, தண்ணீர் லாரி மேடு பள்ளத்தில் போகும்போது மேல்மூடி வழியாக ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறது. நான்கு, ஒரு மூட்டை அரிசியைத் தூக்கும்போது உள்ளே சரசரவென்று நகர்கிறது. ஐந்து, மாமா கல்யாண வீட்டின் பின்பக்கத்திலிருந்து தள்ளாடிக்கொண்டு வருகிறார்.

முதலாவதற்கு ஸ்லாஷ், 'ஸ்லாஷிங் அரவுண்ட் இன் மை ஸ்டமக்' என்று அப்படியே எழுதலாம். இரண்டாவது ஸ்பிளாஷ். குழந்தை அதற்குப் பிறகு மொத்தத் தண்ணீரையும் ஆட்டி விளிம்பு தாண்ட வைத்தால் அது ஸ்லாஷ். மூன்றாவது 'ஸ்லாஷ்ட் அவுட்'. சென்னையில் கோடைக்காலத்தில் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர் எல்லாரும் இதைச் சரியாகச் சொல்வார்கள். நான்காவதில் திரவம் இல்லை, அதனால் கிடையாது. அரிசிக்கு 'ஷிஃப்ட்' போதும்.

ஐந்தாவது 'ஸ்லாஷ்ட்'தான். ஆனால் அத்தை பக்கத்தில் இருந்தால் 'டயர்ட்' என்று சொல்லிவிடுங்கள்.